கிருபையும் றீற்றாவின் நாரியும்

1

இந்த ஐப்பசியோடு என் உடம்பின் வலது பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் என்னை விட்டுப் போய் ஐந்து வருடம். ஊரிலிருந்து வரும் கடிதங்கள் எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: "மாஸ்டர், இப்ப எப்பிடிச் சுகம்?" நானும் ஒரே பதிலைத்தான் எழுதி வந்தேன்: "ஆண்டவர் கிருபையால் சமாளிக்கிறேன்." அது பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு வசனத்தைச் சொல்லிச் சொல்லியே ஒரு காலத்தில் என் மனைவி றீற்றாவைப் படுக்கையில் விழுத்தினேன். அதைத்தான் இந்த முறை எழுதப்போகிறேன். சுகம் விசாரித்தவர்கள் எல்லோரும் இதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து கோணலாக இருந்தால் பத்திரிகை ஆசிரியர் பொறுத்தருள வேண்டும். இடது கையால் எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடம் கரும்பலகையில் கவராயம் இல்லாமல் வட்டம் கீறிய கை வலது கை. அது இப்போது மடியில் சும்மா கிடக்கிறது. நானும் அதைக் கோபிப்பதில்லை. உழைத்த கைதானே.

நாங்கள் இருப்பது லண்டனின் தெற்கே, மிச்சம் என்ற இடத்தில், கவுன்சில் கொடுத்த கீழ்வீடு. றீற்றா பக்கத்துப் பள்ளிக்கூடக் குசினியில் வேலை. மகள் ஜெசி மான்செஸ்டரில் படித்து முடித்து அங்கேயே தங்கிவிட்டாள். பன்னிரண்டு வயதில் இங்கே வந்தவள். தமிழ் நன்றாக வரும், ஆனால் சண்டை பிடிப்பது மட்டும் ஆங்கிலத்தில். கோவிலுக்குப் போகிறாயா என்று கேட்டால், "அப்பா, வெதர் எப்பிடி?" என்று கேட்பாள்.

2

ஸ்ட்ரெதமில் ஒரு பெற்றோல் நிலையத்தில் நான் காசாளர். ஒரு நாள் மத்தியான ஷிப்டில், வந்தவர் ஒருவருக்குச் சிகரெட் பெட்டியை எடுத்து நீட்டினேன். பெட்டி கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தேன். நானும் விழுந்தேன். அவ்வளவுதான். பாரிசவாதம். பிறகு இரண்டு மாதம் ஆஸ்பத்திரி.

வீட்டுக்கு வந்த கிழமையே கவுன்சிலில் இருந்து ஒரு பெண் வந்தார். சாந்தமான பிள்ளை. பன்னிரண்டு பக்கத்தில் ஒரு படிவத்தைத் தந்து, ஆறுதலாக நிரப்பி அனுப்புங்கள், அதைப் பார்த்துத்தான் காலையில் உதவிக்கு ஆள் அனுப்புவதா இல்லையா என்று முடிவெடுப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்களாகக் குளிக்க முடியுமா? உடுப்புப் போட முடியுமா? கக்கூசுக்குப் போய்வர முடியுமா? கட்டிலில் இருந்து எழும்ப முடியுமா? ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பெரிய பெட்டி. உங்கள் கஷ்டத்தை விவரமாக எழுதுங்கள் என்று வேறு போட்டிருந்தது.

என்னத்தை விவரமாக எழுத? எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கரைத் தெரியுந்தானே. கால் முறிந்து கிடப்பவனிடம் போய்ச் சுகம் கேட்டாலும் "ஆண்டவர் கிருபை" என்பான். வேறு எதையும் சொன்னால் ஆண்டவரிலே குறைசொன்ன மாதிரி. அதுவும் நான் பன்னிரண்டு வருடம் கோவில் மூப்பராக இருந்தவன். ஆண்டவரை நம்பியிரு, சுயபலத்தில் சாயாதே என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குத் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தவன். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையிடம் என் கக்கூசுக் கதையை எழுதிக் கொடுப்பதா?

மூன்று நாள் இருந்து, இடது கையால், எல்லாப் பெட்டியிலும் ஆங்கிலத்தில் ஒரே வசனத்தை எழுதினேன்: ஆண்டவர் கிருபையால் சமாளிக்கிறேன். றீற்றா வேலைக்குப் போன நேரம் பார்த்து, தபால்காரரைக் கூப்பிட்டு அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. நீங்கள் தெரிவித்தபடி இப்போது உங்களுக்கு உதவி எதுவும் தேவையில்லை என்று அறிகிறோம், உங்கள் மனவுறுதியைப் பாராட்டுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அட, எனக்கு என்ன பெருமை! வந்த சனத்துக்கெல்லாம் அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். றீற்றா வாசித்தாள். மடித்து உறையில் வைத்துவிட்டு, "சரி, வாங்கோ, கால் கழுவிவிடுறன்" என்றாள்.

அந்த முகத்தை நான் முதலே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். நாங்கள் ஊரில் இருந்த கடைசி வருடம், பக்கத்து ஊர்ச் சனம் எல்லாம் சண்டையால் இடம்பெயர்ந்து எங்கள் கோவில் வளவுக்குள் வந்து நின்றது. மா, பருப்பு, சீனி பங்கிடும் மேசையில் மூப்பர் என்ற முறையில் நான் நின்றேன். எங்கள் வீட்டிலும் அரிசிப் பானை வெறும்பானைதான். கடைக்கு ஒரு சாமானும் வரவில்லை, சம்பளமும் இல்லை. றீற்றா ஒரு பையை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றாள். அவள் முறை வந்ததும் நான் குரலைத் தணித்து, "நீர் போம். நாங்கள் சமாளிப்பம்" என்றேன். அவள் பையை மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு போனாள். அன்றும் மறுநாளும் மரவள்ளிக்கிழங்கு. ஜெசிக்கு வயிற்றோட்டம் பிடித்தது. எனக்கோ, மூப்பர் தன் வீட்டுக்கு ஒரு சுண்டு மாவும் எடுக்கவில்லை என்று சனம் பேசிக்கொண்டது காதில் விழுந்து உள்ளம் குளிர்ந்தது. வாங்குகிற பக்கத்தில் நிற்பது எனக்குச் சாவு. கொடுக்கிற பக்கத்தில் நின்றால் எத்தனை நாளும் பட்டினி கிடப்பேன். என்னோடு சேர்த்து மற்றவர்களையும் பட்டினி போடுவேன்.

3

ஜெசி வீட்டில் இருந்தவரை றீற்றா எப்படியோ இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளை காலையில் என்னை ஒரு பக்கம் பிடிப்பாள், தாய் மறுபக்கம் பிடிப்பாள். அடுத்த புரட்டாதியில் ஜெசி பல்கலைக்கழகத்துக்குப் போனாள். அதன் பிறகு எழுபத்தெட்டுக் கிலோ மனிதனை ஐம்பது கிலோ மனுசி தனியே தூக்கினாள். கட்டிலில் இருந்து நாற்காலிக்கு, நாற்காலியில் இருந்து குளியல்தொட்டிப் பலகைக்கு, திரும்ப நாற்காலிக்கு. பிறகு வேலைக்கு ஓடி, அங்கே குசினியில் பெரிய பெரிய சட்டிகளைத் தூக்கினாள். முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்பவளிடம் "நாரி நோகுதோ?" என்று நான் கேட்டால், "இல்லையப்பா" என்பாள். அவளும் எங்கள் ஊர்க்காரிதானே. நானும் அதற்கு மேல் கேட்கமாட்டேன். கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

கார்த்திகையில் ஒரு காலை, ஏழரை மணி இருக்கும். பலகையில் இருந்து என்னைத் தூக்கியவள் "அம்மா" என்றாள். பெரிய சத்தம் இல்லை. ஆனால் அவள் கை விட்டுப்போனது. இரண்டு பேரும் சேர்ந்தே நிலத்தில் சரிந்தோம். நான் தொட்டியோடு ஒருக்களித்து, அவள் கதவடியில். எனக்கு அடியில்லை. அவளால் அசைய முடியவில்லை. ரெலிபோன் வெளியே நடையில் இருந்தது. என் மேலில் ஒரு நூல் கிடையாது. துவாய் எட்டாத தூரத்தில் தொங்கியது.

அவள் கூப்பிட வாயெடுத்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

"சத்தம் போடாதையும். மேல்வீட்டுச் சனத்துக்குக் கேட்கும்."

சொல்லிவிட்டுச் செபமாலையைத் தொடங்கினேன். ஆண்டவர் ஒரு வழி காட்டுவார், எழும்பப் பெலன் தருவார் என்று உண்மையாகவே நம்பினேன். செபமாலையின் முதல் பத்துக்கு றீற்றா முனகி முனகிப் பதில் சொன்னாள். இரண்டாவது பத்தில் அவள் குரலைக் காணவில்லை. நான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன்.

"நிப்பாட்டுங்கோ," என்றாள்.

"என்ன?"

"நிப்பாட்டுங்கோ எண்டு சொல்லுறன். செபமாலை பிறகு சொல்லலாம். முதல் ஆரையும் கூப்பிடுங்கோ. எனக்கு மூச்செடுக்க ஏலாமல் கிடக்கு."

"பதறாதையும், றீற்றா. ஆண்டவரை நம்பி இருப்பம்."

அவள் நிலத்தில் கன்னத்தை வைத்தபடியே என்னைப் பார்த்தாள். எங்கள் கலியாணம் நடந்து இருபத்தைந்து வருடத்தில் அவள் என்னோடு குரல் உயர்த்திக் கதைத்ததில்லை. அன்றும் உயர்த்தவில்லை. உயர்த்த அவளிடம் மூச்சு இல்லை.

"நீங்கள் எங்கையப்பா ஆண்டவரை நம்பினனீங்கள்? ஒரு வருசமா என்ரை நாரியையெல்லோ நம்பி இருந்தனீங்கள்."

கணக்கு வாத்தியான எனக்கு இதை விளங்க நேரம் எடுக்கவில்லை. பன்னிரண்டு பக்கத்தில் நான் கிருபை, கிருபை என்று எழுதியது எல்லாம் இவளுடைய முள்ளந்தண்டு. இவளைப் பிழிந்து எடுத்துவிட்டு ஆண்டவர் பெயரில் எழுதியிருக்கிறேன். கவுன்சிலுக்குச் சொன்ன பொய்யைவிட ஆண்டவருக்குச் சொன்ன பொய்தான் பெரிது.

நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டில் அடக்கிய குரல் என்னுடையது. ஆனால் உதவி கேட்டுக் கத்த அந்தக் குரல் வரவில்லை. இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினேன். மூன்றாம் தரம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "ஹெல்ப்" என்று கத்தினேன். பிறகு நிறுத்த முடியவில்லை. அழுது அழுது கத்தினேன். கடைசியில் அதே தபால்காரர்தான் கதவில் கடிதம் போடும் ஓட்டைக்குள்ளால், "பயப்படாதீர்கள், நான் நிற்கிறேன்" என்று பதில் குரல் கொடுத்தார். பத்து மணி ஆகியிருந்தது.

4

றீற்றா மூன்று கிழமை படுக்கையால் எழும்பக்கூடாது என்றார் டொக்டர். ஜெசி மான்செஸ்டரில் இருந்து ஓடிவந்தாள். ஒரு கிழமைக்குமேல் அவளால் நிற்க முடியாது, பரீட்சை. வீட்டுக்குக் காலையில் ஆள் கிடைக்காவிட்டால் என்னை முதியோர் இல்லத்தில் விடுவதைத் தவிர வழியில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எனக்கு வயது அப்போது ஐம்பத்தாறு.

கவுன்சில் பெண் பழைய படிவத்தின் பிரதியோடு வந்தார். ஜெசி அதை வாங்கிப் புரட்டினாள். புரட்டப் புரட்ட அவள் காது சிவந்தது. சண்டை என்பதால் ஆங்கிலம்.

"அப்பா, எல்லாப் பெட்டியிலும் இதே வசனமா? பொத்தான் பூட்டுவது கடவுளா? அப்படியென்றால் அம்மா ஏன் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் பிந்திப் போனா?"

பிள்ளை கேட்டதில் என்ன பிழை?

அந்தப் பெண் புதுப் படிவத்தை எடுத்து முதலில் இருந்து தொடங்கினார். நீங்களாகக் குளிக்க முடியுமா?

"ஏலாது," என்றேன். தமிழில்தான் வந்தது. ஜெசி ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள்.

உடுப்புப் போட?

"ஏலாது."

கட்டிலால் எழும்ப? கக்கூசுக்குப் போக? சாப்பாட்டை வெட்டிச் சாப்பிட? ஏலாது, ஏலாது, ஏலாது. முதல் மூன்றும் பல்லுப் பிடுங்குகிற மாதிரி. அதன் பிறகு நோவு குறைந்தது. ஏழாவது எட்டாவது கேள்விக்கு ஜெசியின் குரல்தான் தழுதழுக்கத் தொடங்கியது. கதிரையை என் பக்கம் இழுத்துப்போட்டு, என் செத்த கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சின்ன வயதுக்குப் பிறகு பிள்ளை என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

கடைசியில் அந்தப் பெண், மற்ற அறையில் படுத்திருந்த றீற்றாவைப் பார்த்து, "முதுகு சுகமானதும் உங்களால் இவரைத் தூக்க முடியுமா?" என்று கேட்டார்.

"சமாளிப்பன்," என்றாள் றீற்றா. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னது திறந்த கதவால் தெரிந்தது.

"இல்லை," என்று நான் இங்கிருந்து கத்தினேன். இந்த முறை ஆங்கிலத்தில். "அவளால் முடியாது. களைத்துப்போனாள். எழுதுங்கள். தயவுசெய்து அதை எழுதுங்கள்."

ஜெசி சிரித்தாள். கண்ணால் தண்ணீரும் ஓடியது. "ரெண்டு பேரும் ஒரே கேஸ்தான்," என்று தமிழில் சொன்னாள்.

அன்று மாலை செபம் சொல்ல இருந்தேன். அதுவரை நான் ஆண்டவரிடம் போன விதத்தை யோசித்துப் பார்த்தேன். கணக்கு முழுவதையும் நானே செய்து முடித்துவிட்டு, சரி போடுவதற்கு மட்டும் கொப்பியை நீட்டுவேன். அன்றைக்குக் கொப்பியில் ஒன்றும் இல்லை. "ஆண்டவரே, எனக்கு ஏலாது" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. ஆமென் சொல்லவும் மறந்து நித்திரையாகிப்போனேன்.

5

மார்கழித் தொடக்கத்தில் டோரீன் வந்தாள். ஜமெய்க்காக்காரி, ஐம்பது வயது, அகலமான சிரிப்பு, எப்போதும் வாய்க்குள் ஏதாவது ஞானப்பாட்டு. காலை எட்டு மணிக்கு வந்து என்னைக் கழுவி, உடுப்பு மாற்றி, நாற்காலியில் இருத்திவிட்டுப் போக வேண்டும். அவளாகவே கதவைத் திறந்து வர வீட்டுத் திறப்பு ஒன்று அவளிடம் கொடுத்திருந்தோம்.

நான் திருந்திவிட்டேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? கேளுங்கள். டோரீன் வருகிற முதல் நாள் காலை ஐந்தரைக்கு, கட்டிலடியில் இருந்த மணியை அடித்து றீற்றாவை எழுப்பினேன்.

"எழும்பும். எட்டு மணிக்கு அந்த மனிசி வருது. இந்தக் கோலத்தில என்னைப் பார்த்தால் என்ன நினைக்கும்?"

அரைகுறையாகச் சுகமான நாரியோடு றீற்றா எழும்பினாள். வெந்நீர் கொண்டுவந்து துடைத்து, சவரம் செய்து, பவுடர் போட்டு, சீப்பால் தலை இழுத்து, இஸ்திரி போட்ட சேர்ட் மாட்டிவிட்டாள். எட்டு மணிக்கு டோரீன் வந்தபோது நான் மாப்பிள்ளை மாதிரிக் கிடந்தேன். அவளுக்கு வேலையே இல்லை. தேநீர் போட்டுத் தந்துவிட்டுப் போனாள். இரண்டாம் நாளும் அப்படி. மூன்றாம் நாளும் அப்படி. றீற்றா இப்போது முன்னையைவிட ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பினாள்.

நாலாம் நாள் டோரீன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கட்டிலடியில் நின்றாள்.

"மிஸ்டர் மரியதாஸ், நான் கழுவ வந்தவள். கழுவின மனிதரை வைத்து நான் என்ன செய்வது? என் வேலைப்பதிவுக் கொப்பியில், தேநீர் போட்டேன் என்று எத்தனை நாள் எழுதுவது? கவுன்சில்காரர்கள் வாசித்துப் பார்த்தால் உங்களுக்கு ஆள் தேவையில்லை என்று என்னை நிறுத்திவிடுவார்கள். நாளைக்கு நீங்கள் ஊத்தையாக இருக்க வேண்டும். விளங்கியதா?"

"விளங்கியது," என்றேன், வகுப்பில் பிடிபட்ட பிள்ளை மாதிரி.

எனக்குப் பெரிய வியாழன் ஞாபகம் வந்தது. எங்கள் கோவிலில் சுவாமியார், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, பன்னிரண்டு பேரை வாங்கில் இருத்திக் கால் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சவர்க்காரம் போட்டுக் குதிக்காலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவர்களாவது வாங்கில் வந்து இருந்தார்கள். சுவாமி வருடா வருடம் என்னைக் கேட்டும், நான் தண்ணீர்ச் செம்பு பிடிக்கிறேன் என்று சொல்லித் தப்பிவிட்டேன்.

மறுநாள் காலையும் ஐந்தரைக்கே முழிப்பு வந்தது. வந்தபோதே தெரிந்தது, படுக்கை நனைந்திருந்தது. இரவுக்கு வைக்கும் சலப் போத்தல் சரிந்திருக்க வேண்டும், அல்லது அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். மணம் எனக்கே அடித்தது. இந்த நாள் பார்த்தா இப்படி நடக்க வேண்டும்? கை தானாக மணிக்குப் போனது. மணியின் பித்தளை குளிர்ந்து கிடந்தது. மற்ற அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே றீற்றாவின் மூச்சு ஒரே சீராகக் கேட்டது.

ஒரு கிலுக்கு. அவ்வளவுதான் தேவை. அவள் ஓடிவந்து, ஒரு சொல்லும் சொல்லாமல், எல்லாவற்றையும் மாற்றிவிடுவாள். எட்டு மணிக்கு நான் திரும்பவும் மூப்பர்.

மணியை எடுத்துத் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டு, அதன் மேலே தலையை வைத்துப் படுத்தேன். "ஆண்டவரே, எட்டு மணி மட்டும் என்ரை வாயைப் பொத்திக்கொள்ளும்" என்று மன்றாடினேன். இரண்டரை மணித்தியாலம். ஈரம் குளிர்ந்தது. முதல் பஸ் போனது. ஜன்னலில் வெளிச்சம் வந்தது. வெட்கத்தில் ஒருவரும் சாவதில்லை என்று எனக்கு ஐம்பத்தாறு வயதில்தான் தெரிந்தது.

டோரீன் திறப்பைப் போட்டு உள்ளே வந்தாள். கட்டிலடியில் வந்து நின்று ஒரு கணம் பார்த்தாள். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத்தான் மனம் வந்தது. மூடவில்லை.

"குட் மோர்னிங், மை டார்லிங்," என்றாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வெந்நீர் எடுக்கப் போனாள்.

கழுவினாள். முகத்தில் தொடங்கிக் கால்வரை, ஒவ்வொரு விரலாக, அவசரமே இல்லாமல், வாய்க்குள் பாடிக்கொண்டே கழுவினாள். செத்த காலையும் மற்றக் காலைப் போலவே கழுவினாள். நான் ஒன்றும் செய்யவில்லை. செம்பும் பிடிக்கவில்லை. கிடந்தேன். அழுகை வந்தது, அதையும் அவளே துடைத்தாள்.

நாற்காலியில் என்னை இருத்தும்போது மணி எட்டே முக்கால். மற்ற அறையில் தடதடவென்று சத்தம். றீற்றா அவிழ்ந்த கொண்டையோடு ஓடிவந்து வாசலில் நின்றாள்.

"ஐயோ, என்ன நேரம்? ஏனப்பா மணி அடிக்கேல்லை? ஏன் என்னை எழுப்பேல்லை?"

என்னைப் பார்த்தாள். உருவிக் குவித்திருந்த நனைந்த படுக்கை விரிப்பைப் பார்த்தாள். டோரீனைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். அவள் கன்னத்தில் தலையணை மடிப்பு விழுந்து சிவந்த கோடாக இருந்தது. என்ன வடிவாக இருந்தாள் தெரியுமா? ஒரு வருடமாக நான் அந்தக் கோட்டைக் கண்டதில்லை.

குனிந்து விரிப்பை அள்ளப் போனாள்.

"விடும், றீற்றா," என்றேன். "இப்பிடி வந்து இரும்."

பிறகு டோரீன் பக்கம் திரும்பினேன். இங்கே வந்து ஆறு வருடத்தில், யாரும் கேட்காமல் நானாக ஒருவரிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"டோரீன், என் மனைவிக்கும் ஒரு தேநீர் போட்டுத் தருவீர்களா?"

றீற்றா கட்டில் விளிம்பில் இருந்தாள். டோரீன் கோப்பையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். றீற்றா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, வேறொருவர் போட்ட அந்தத் தேநீரை, ஆறுவதற்கு முதல், இருந்த இடத்தில் இருந்தே குடித்து முடித்தாள்.